சொல்லுடைய பாடலும் சொல்லற்ற இசையும்: பலெம்பாங் மகளிர் முகாம் இசையின் நினைவேந்தல் குறித்து ஒரு மதிப்பீடு

போரில் மாண்டோரை நினைவுகூரத் திருச்சபைகள் நடத்தும் வழிபாடுகளில் இசைக்குத் தனியிடம் உண்டு. ஆயினும், அவ்வழிபாடுகளுக்கு எப்பாடல் தெரிந்தெடுக்கப்படுகிறது, எது விடப்படுகிறது, அத்தெரிவு நினைவை எவ்வாறு வடிவமைக்கிறது என்னும் வினாக்களை நாம் அரிதாகவே எழுப்புகிறோம். ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் சுமத்திராவின் மகளிர் முகாமில் பிறந்த இசை, இவ்வினாக்களை ஆராய்வதற்குத் தக்கதொரு சான்றாகும்.

அவ்விசையின் மையத்தில் இருந்தவர் மார்கரெட் டிரைபர்க். 1890இல் இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் பிறந்த அவர், பிரெஸ்பிட்டேரியன் சபையின் மிஷனரியாகச் சீனாவிலும் பின்னர்ச் சிங்கப்பூரிலும் கல்விப்பணி ஆற்றினார். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்த வேளையில் கப்பலில் வெளியேற முயன்று சிறைப்பட்டார். பலெம்பாங் முகாமில் அவர் இயற்றிய ‘கைதிகளின் ஞானப்பாட்டு’ 1942 ஜூலை 5ஆம் நாள் ஞாயிறு வழிபாட்டில் முதன்முதலாகப் பாடப்பெற்றது. பிற்காலத்தில் பல நாடுகளின் நினைவு வழிபாடுகளிலும் அஃது ஒலித்து வருகிறது.

இப்பாடல் இவ்வாறு பரவியதற்குரிய காரணங்களை அதன் அமைப்பிலேயே காண்கிறோம். மெட்டு எளியது, பயிற்சியற்ற சபையாரும் ஒருமுறை கேட்டுப் பாடத்தக்கது. பொருளும் குறிப்பிடத்தக்கது. பாடுவோர் தம் துன்பத்தைப் பட்டியலிடவில்லை. சிறைபிடித்தோர் அழியவேண்டும் எனவும் இரக்கவில்லை. பொறுமையையும் துணிவையும் வேண்டுகின்றனர், தாய்நாட்டிற்காக மன்றாடுகின்றனர், இறுதியில் நாடுகள் உடன்பிறப்புகளாக வாழும் நாளை நோக்குகின்றனர். பழிவாங்கும் வேட்கையற்ற இக்கட்டுப்பாடே பாடலின் இலக்கியச் சிறப்பு எனலாம்.

எனினும், அம்முகாமின் இசைச்சாதனை இப்பாடலோடு முடிந்துவிடவில்லை. லண்டன் ராயல் இசைக்கழகத்தில் பயின்ற நோரா சேம்பர்ஸ் என்பாருடன் இணைந்து, டிரைபர்க் ‘குரல் வாத்தியக்குழு’ ஒன்றை அமைத்தார். வாத்தியங்களுக்கும் பியானோவுக்கும் எழுதப்பட்ட மேலைச் செவ்வியல் படைப்புகளை இருவரும் நினைவிலிருந்து மீட்டு, பெண்குரல்களுக்கு ஏற்ப இசைக்குறிப்பாக எழுதினர். முப்பது பேரளவில் அமைந்த அக்குழு, நோரா சேம்பர்ஸ் நெறிப்படுத்த, 1943 டிசம்பர் 27ஆம் நாள் தன் முதல் நிகழ்ச்சியை வழங்கியது. டுவோர்ஷாக்கின் ‘புதிய உலகச் சிம்பொனி’யின் மெல்லிய இரண்டாம் பகுதி அன்று இசைக்கப்பட்டது.

இவ்விசையில் சொற்களே இல்லை. வாத்தியங்கள் எழுப்பவேண்டிய ஒலிகளைக் குரல்களே எழுப்பின. இதனை வாத்தியமின்மையால் நேர்ந்த மாற்றுவழி என்று மட்டும் கருதுவது போதாது. முகாமில் ஆங்கிலேயரும் ஆஸ்திரேலியரும் டச்சுக்காரரும் இருந்தனர். அவர்கள் ஒரே மொழியினரும் அல்லர், ஒரே சபையினரும் அல்லர். சொல்லை நீக்கியதால், எவரும் தம் மொழியை விட்டுக்கொடுக்காமல் சேர்ந்து பாட முடிந்தது.

இங்கேதான் நினைவேந்தல் குறித்த நம் திறனாய்வு தொடங்குகிறது. சபை வழிபாடு இயல்பாகவே தன்னால் பாட இயன்ற ஞானப்பாட்டைத் தெரிந்தெடுக்கிறது. பயிற்சி வேண்டும் குரல் வாத்திய இசை ஓரளவு பின்தங்குகிறது. இதனால் இரு இழப்புகள் நேர்கின்றன. முதலாவது, பன்மொழிப் பெண்களின் பொதுநினைவு ஆங்கிலத்தில் அமைந்த ஒரு சபையின் வேண்டுதலாகச் சுருங்கிவிடுகிறது. இரண்டாவது, பாடல் நம்பிக்கையோடு நிறைவுறுவதால், அந்த வரலாறும் அவ்வாறே நிறைவுற்றது என்னும் மயக்கம் பிறக்கிறது. உண்மை வேறு. பசியாலும் நோயாலும் பாடகியருள் ஏறக்குறையப் பாதிப்பேர் மடிய, 1945இல் குழு பாடுவதை நிறுத்தியது. டிரைபர்க்கும் அவ்வாண்டு ஏப்ரல் 21ஆம் நாள், விடுதலைக்குச் சில திங்கள் முன்னதாக, சுமத்திராவிலேயே இறந்தார்.

இவற்றை நமக்குத் தெரிவிப்பது ஆய்வு. கைதிகள் காத்துவந்த கையெழுத்து இசைக்குறிப்புகள் பின்னாளில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சென்றடைந்தன. முகாமில் வாழ்ந்த ஹெலன் கோலைன் 1995இல் தம் நூலை வெளியிட்டார். இத்தகைய உழைப்பு இல்லையேல், பாடல் எஞ்சியிருந்தாலும் அதனைப் பாடியோர் மறைந்திருப்பர்.

வழிபாடு ஆறுதலுக்குரியது, அதனை வகுப்பறையாக்கலாகாது எனச் சிலர் கூறலாம். அவ்வாதத்தில் நியாயம் உண்டு. ஆயினும், இறந்தோரின் பெயர்களை வாசிப்பதும், குழு பாடுவதை நிறுத்திய செய்தியைப் பாடலுக்குமுன் கூறுவதும், சொல்லற்ற இசையின் ஒரு சிறு பகுதியையேனும் பாடகர் குழுவைக்கொண்டு ஒலிக்கச்செய்வதும் ஆறுதலைக் குறைக்கா. ஆறுதல் எதன்பொருட்டு என்பதைத் தெளிவாக்கும்.

அதே போர், அதே ஆட்சி, அதே 1943. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர் சயாம் - பர்மா ரயில்பாதையில் மாண்டனர். அவர்களுக்காக ஒப்பாரி வைத்தோரிடம் இசைக்குறிப்புத் தாளும் இல்லை. பின்னாளில் அதனைப் பேணும் பல்கலைக்கழகமும் இல்லை. இறந்தாரை எண்ணி எஞ்சியோர் புலம்புவதைக் ‘கையறுநிலை’ எனத் தொல்காப்பியம் இலக்கணப்படுத்திய மொழி நம்முடையது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகிய நாவல்கள் அவ்வரலாற்றை எழுத்தில் நிறுத்தின. 2023இல் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் அத்தமிழருக்கு நடுகல்லும் எழுப்பப்பட்டது. ஆனால், அவர்தம் குடும்பங்கள் பாடிய புலம்பல்கள் பாடியவர், ஊர், ஆண்டு ஆகிய விவரங்களோடு முறையாகத் தொகுக்கப்படாதவரை, நம் நினைவேந்தலும் அரைகுறையே. அப்புலம்பல்களை நேரில் கேட்டு வளர்ந்தோர் இன்று முதுமை எய்திவிட்டனர். பலெம்பாங்கில் சில தாள்கள் செய்ததை இங்கு நம் துறைகளும் தமிழாசிரியர்களும் செய்தாக வேண்டும். அதற்குரிய காலம் இனி நீண்டதன்று.