வால் முளைத்த பெயர்

2016-இல் இலங்கையில் இனங்காணப்பட்ட ஒரு சிலந்திக்கு 'பிரிக்னோலியா ஒண்டாட்ஜேயி' என்று பெயர் வைத்தார்கள். நாவலாசிரியர் மைக்கேல் ஒண்டாச்சிக்குச் செய்த மரியாதை அது. சில மில்லிமீட்டருக்கு மேல் வளராத குடும்பத்தைச் சேர்ந்த பிராணி. அதன் பெயருக்குள் மூன்றரை நூற்றாண்டு மடங்கிக் கிடக்கிறது.

கடைசியில் ஒட்டியிருக்கும் 'இ' லத்தீன் உருபு. இன்னாருடையது என்று பொருள். அதை உரித்தால் 'ட்ஜே' என்ற டச்சு விகுதி. எதையும் சிறிதாக்கிச் செல்லமாகச் சொல்ல டச்சுக்காரர்கள் சேர்த்துக்கொள்ளும் வால். அதையும் உரித்தால் மிஞ்சுவது நம் பக்கத்து ஓசை. ஆங்கில எழுத்தில் 'ஒண்டாட்ஜே' என்று தோன்றும் இந்தப் பெயரை உச்சரிப்பது என்னவோ 'ஒண்டாச்சி' என்றுதான். எழுத்துக்குத்தான் வால் முளைத்தது, ஒலி பெரிதாக நகரவில்லை. உலகில் மிகச் சிலரே சுமக்கும் இந்தக் குடும்பப் பெயரைக் கவிதை வரியைப் படிப்பதுபோல நிறுத்தி நிறுத்திப் படிக்கலாம்.

பெயர் பிறந்த கதையே இரண்டு பாடமாகக் கிடைக்கிறது. வம்சாவளிக் குறிப்புகள் சொல்வது: தஞ்சாவூரிலிருந்து வந்த மருத்துவர் ஒருவர் 1659-இல் கொழும்பில் இறங்கினார், டச்சு ஆளுநரின் நோயுற்ற மனைவியைக் குணப்படுத்தினார், அங்கேயே தங்கிவிட்டார். மைக்கேல் 1982-இல் வெளியிட்ட 'ரன்னிங் இன் தி ஃபேமிலி' நூலில் அதே மருத்துவர் 1600-இல் வருகிறார். குணமாவது ஆளுநரின் மகள். பரிசாக நிலமும் அந்நிய மனைவியும் டச்சு எழுத்தில் திருத்திய புதுப்பெயரும் கிடைக்கின்றன. டச்சுக்காரர்கள் போர்த்துக்கீசியரிடமிருந்து கொழும்பைப் பிடித்ததே 1656-இல்தான். 1600-இல் அங்கே டச்சு ஆளுநரும் இல்லை, அவருக்கு மகளும் இல்லை. இதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முழு எண்ணாக 1600 என்று போட்டதுமே அது வரலாற்றிலிருந்து விலகி, 'ஒரு ஊரில் ஒரு ராஜா' என்கிற கதைக் காலத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. மனைவி மகளானதும் அப்படித்தான். மருத்துவர் குணப்படுத்துவது மகளை என்றால்தான் கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அதே நூலில், கொழும்பின் புனித தோமையார் தேவாலயத்தில், தரையில் பதித்த கல்லில் தன் குடும்பப் பெயரை மைக்கேல் பார்க்கும் பகுதி வருகிறது. மண்டியிட்டுப் பார்க்க வேண்டிய உயரத்தில் பெரிய எழுத்துகள். பதிவேடுகளை ராமபாணப் பூச்சி அரித்திருக்கிறது. போதகர்கள் பலர் வந்து போன குடும்பம். காலனி அரசின் கடைசித் தமிழ்க் குருவாக இருந்த சைமன் ஒண்டாச்சியும் அந்தப் பட்டியலில் உண்டு. 'தமிழ்' என்ற சொல் அங்கே எந்த அழுத்தமும் இல்லாமல் சாதாரணமாக வந்து விழுகிறது. பறங்கியர் என்று அறியப்பட்ட, சிங்களமும் டச்சும் ஆங்கிலமும் கலந்த குடும்பத்தின் அடிவேரை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. இன்னொருவர் வில்லியம் சார்ல்ஸ் ஒண்டாச்சி: மருத்துவர், தாவரவியலாளர், பேராதனைத் தோட்டத்தோடு தொடர்புடையவர். நாட்டு மக்களின் கைக்கெட்டும் நஞ்சுகளை வகைவகையாக அறிந்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்லிவிட்டு, அவற்றில் ஒன்றுகூடப் படையெடுத்து வந்தவன் மேல் பயன்படவில்லை போலிருக்கிறது என்று மைக்கேல் போகிற போக்கில் ஒரு குத்து வைக்கிறார். மூலிகையால் ஆளுநர் வீட்டைக் குணப்படுத்திப் பெயர் பெற்ற குடும்பம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் அந்தக் குத்து இன்னும் ஆழமாக இறங்கும்.

நாவலாசிரியரைப் படிக்கிற பலர் குவின்ட் ஒண்டாச்சியை அறியாமலே போய்விடுகிறார்கள். முழுப்பெயர் பீட்டர் ஃபிலிப் யூரியான் குவின்ட் ஒண்டாட்ஜே. 'குவின்ட்' அம்மா வழி வந்தது. 1758-இல் கொழும்பில், டச்சுச் சீர்திருத்தத் திருச்சபைப் போதகரின் மகனாகப் பிறந்தார். படிக்க ஹாலந்துக்கு அனுப்பப்பட்ட சிறுவன், 1780-களில் உட்ரெக்ட் நகரத் தெருக்களில் ஆயிரக்கணக்கானவர்களைத் திரட்டும் தலைவனாகிவிட்டார். பரம்பரை ஆட்சியாளர் ஐந்தாம் வில்லியமுக்கும், நகர மன்றங்களைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டிருந்த பெரிய குடும்பங்களுக்கும் எதிராகக் கிளம்பிய 'பேட்ரியட்' இயக்கத்தில் உட்ரெக்ட் பகுதி அவர் கையில். 1785-இல் உருவான 'லைடன் வரைவு' என்னும் அறிக்கையை எழுதியவர்களில் அவர் ஒருவர். சுதந்திரம் மனிதரிடமிருந்து பிரிக்க முடியாத உரிமை என்று அது சொன்னபோது, பாரிஸில் மனித உரிமைப் பிரகடனம் வெளிவர இன்னும் 4 ஆண்டுகள் இருந்தன. அதை எழுதியபோது அவருக்கு வயது 27.

இங்கே நின்று ரசிக்க ஒரு நுணுக்கம் இருக்கிறது. உட்ரெக்ட் நகரத்தாருக்கு உரிமை கேட்ட குரலின் குடும்பப் பெயர், டச்சுக்காரர்கள் ஆண்ட ஒரு துறைமுகத்தில் அவர்களுடைய எழுத்துக்கு ஏற்றபடி மாற்றப்பட்ட தமிழ்ப் பெயர். சிறியதைக் குறிக்கும் விகுதியோடு வந்தவர், பெரிய வீட்டுக்காரர்களை மன்றத்திலிருந்து இறங்கச் சொல்கிறார். இந்த முரணை அவரே எழுதி வைத்திருந்தால் சப்பென்று போயிருக்கும். வரலாறு மெனக்கெடாமல் செய்த அணி இது.

1787-இல் வில்லியமின் மைத்துனரான பிரஷ்ய அரசர் படையனுப்பினார், இயக்கம் சிதறியது, குவின்ட் நாட்டை விட்டு ஓடினார். 1795-இல் புதிய குடியரசோடு திரும்பி வந்து பதவிகள் வகித்தார். 1816-இல் நீதித்துறைப் பொறுப்பேற்று ஜாவாவுக்குக் கப்பலேறினார், 1818-இல் பட்டாவியாவில் இறந்தார். அதற்குள் கொழும்பு ஆங்கிலேயர் கைக்குப் போய் இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி வளர்த்த ஒரு துறைமுகத்தில் பிறந்து, அதே கம்பெனியின் தலைநகராக இருந்த இன்னொரு துறைமுகத்தில் முடிந்த வாழ்க்கை. சைமன் ஷாமா அந்தக் காலத்து ஹாலந்தைப் பற்றி எழுதிய 'பேட்ரியட்ஸ் அண்ட் லிபரேட்டர்ஸ்' நூலில் இவர் அடிக்கடி வருகிறார். நாவலாகப் படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இன்னும் யாரும் அதை எழுதித் தரவில்லை என்பது என் குறை.

இருபதாம் நூற்றாண்டின் அண்ணன் தம்பிக்கு வருவோம். கிறிஸ்டோபர் 1933-இல் கண்டியில் பிறந்தார், மைக்கேல் 1943-இல் கொழும்பில். அப்பா மெர்வின் ஒரே அப்பாதான். ஆனால் பத்து வயது இடைவெளியில் இருவரும் பார்த்தது வேறு வேறு மனிதர். சிறுவயதிலேயே அப்பாவைப் பிரிந்த தம்பிக்கு அவர் பிறர் சொல்லக் கேட்ட கதைகளின் தொகுப்பு. அண்ணன் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தபோது வீட்டில் பணம் தீர்ந்தது, அவர் படிப்பு பாதியில் நின்றது. அண்ணனுக்கு அப்பா என்றால் கட்ட முடியாமல் போன பள்ளிக் கட்டணம்.

தம்பி எழுதுகிறார்: குடித்துவிட்டு ரயிலைத் தன் இஷ்டப்படி நிறுத்தி ஓடவைத்த அப்பா, ஆடையில்லாமல் கடுகண்ணாவைச் சுரங்கத்துக்குள் போய் நின்றுகொள்கிறார், வெளியே வர மறுக்கிறார். அம்மா டோரிஸை அழைத்து வருகிறார்கள். அவர் கையில் மாற்றுடையோடு இருட்டுக்குள் தனியே நடந்து போகிறார். ராணுவச் சீருடை அல்ல, சாதாரண உடை. இந்த ஒரு விவரத்தில்தான் காட்சி உயிர் பெறுகிறது என்பேன். அவமானம் சீருடைக்கு ஒட்டக்கூடாது என்று அந்த நெருக்கடியிலும் அவர் பணியாற்றிய ராணுவம் நினைத்திருக்கிறது. சிரித்துக்கொண்டே படித்து வந்தவர்கள் அந்த உடையில் இடறி நிற்பார்கள்.

அண்ணன் பத்தாண்டு கழித்து, 1992-இல், 'தி மேன்-ஈட்டர் ஆஃப் புணானை' எழுதினார். மட்டக்களப்புப் பாதையில் உள்ள புணானையில் ஆட்களை அடித்துத் தின்ற சிறுத்தை 1924-இல் சுடப்பட்டது. அதைத் தேடிப் போர்க்காலத்துக் கிழக்கிலங்கைக்குள் போகிற பயண நூல். சிறுத்தையைத் தேடுவதும் அப்பாவைத் தேடுவதும் ஒரே தடத்தில் நடக்கின்றன. நடை என்று பார்த்தால் தம்பிக்குப் பக்கத்தில் வைக்க முடியாது. வாக்கியங்கள் காலணி போட்டுக்கொண்டு நடக்கின்றன. ஆனால் தம்பி சிரிப்பால் மூடிய இடங்களில் அண்ணன் மூடி போடவில்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பதுதான் முறை. இந்த அண்ணன் 1964 இன்ஸ்ப்ரூக் குளிர்கால ஒலிம்பிக்கில் கனடாவின் பாப்ஸ்லெட் அணியில் இருந்தவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கண்டியில் பிறந்தவர் பனிச்சறுக்கு வண்டியில்!

மைக்கேலின் புனைவுகளில் பெயர் படும் பாடு தனிச் சுவை. அவருக்கு உலகப் புகழ் தந்த 'தி இங்கிலிஷ் பேஷன்ட்' நாவலின் மையத்தில் கிடப்பவர் முகம் கருகிய, பெயர் சொல்லாத ஒரு நோயாளி. 1992-இல் பாரி அன்ஸ்வர்த்தின் நாவலோடு புக்கர் பரிசைப் பகிர்ந்துகொண்ட நூல், 2018-இல் பரிசின் 50-ஆம் ஆண்டையொட்டி நடந்த வாசகர் தேர்விலும் வென்றது. அந்த நோயாளி பாலைவனத்தில் திரிந்த நாட்களில் கற்றது, குடும்பப் பெயரையும் தேசத்தையும் அழித்துவிட வேண்டும் என்பது. இப்படியொரு அரிய குடும்பப் பெயரை அட்டையில் போட்டுக்கொண்டு இந்த ஆசையை உள்ளே எழுதுவதில் உள்ள குறும்பை நான் தற்செயல் என்று நம்பமாட்டேன்.

2000-இல் வந்த 'அனில்ஸ் கோஸ்ட்' இன்னும் ஒருபடி மேல். கதாநாயகிக்குப் பெற்றோர் வைத்த பெயர் பிடிக்கவில்லை. அண்ணன் பயன்படுத்தாமல் சும்மா வைத்திருக்கும் இரண்டாவது பெயர் மேல் கண். பேரம் பேசி வாங்குகிறாள்: பணம், பேனா, ஒரு டின் கோல்ட் லீஃப் சிகரெட், படிப்பவரைக் கூச வைக்கும் இன்னொன்று. விலைப்பட்டியல் போட்டுப் பெயர் வாங்கும் இந்தப் பெண்தான் வளர்ந்து தடயவியல் நிபுணராகி, பெயர் தெரியாத ஒரு எலும்புக்கூட்டுக்குப் பெயர் தேடி இலங்கைக்கு வருகிறாள். 'செய்லர்' என்று தற்காலிகமாக அழைக்கப்படும் அந்த எலும்புகளில் அவன் செய்த தொழில்களின் தேய்மானம் பதிந்திருக்கிறது. மரமேறிக் கள் இறக்கியவன், விழுந்து கால் முறிந்த பிறகு சுரங்க வேலைக்குப் போனவன். கடைசியில் கிடைக்கும் பெயர் ருவன் குமார. இலங்கையில் எந்தத் தெருவிலும் கேட்கக்கூடிய பெயர். நாவல் முழுவதும் நம்மை ஏங்க வைத்துவிட்டு, அலங்காரமே இல்லாத ஒரு பெயரைக் கையில் வைக்கிற துணிச்சல் பெரிய கலைஞனுக்கே வரும்.

பெயரைப் பிறப்பால் அல்லாமல் திருமணத்தால் பெற்றவர் ஓவியர் கிம் ஒண்டாச்சி, மைக்கேலின் முதல் மனைவி. பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் கிம்பார்க். அதில் முன்பாதியான 'கிம்'மை வைத்துக்கொண்டார், பின்னால் ஒண்டாச்சி சேர்ந்தது. ஆக, முன்னும் பின்னும் குடும்பப் பெயர்களாலேயே ஆன பெயர். 1960-களின் பிற்பகுதியில் அவர் வரைந்த 'பிக்காடிலி' வரிசை, ஒன்டாரியோ மாகாணத்து லண்டன் நகரில் குடியிருந்த வீட்டின் உட்புறங்கள். ஆள் நடமாட்டமில்லாத அறைகள், கதவுகள், மட்டுப்பட்ட வெளிச்சம். கனடாவில் ஓவியர்களுக்கு முறையான ஊதியம் கோரி 1968-இல் தொடங்கிய 'கார்ஃபாக்' அமைப்பை உருவாக்கியவர்களிலும் அவர் ஒருவர். ஆஸ்திரேலியாவில் இன்னொரு மைக்கேல் ஒண்டாச்சி உண்டு, அமெரிக்கக் கறுப்பினப் பழமைவாதிகளைப் பற்றி நூல் எழுதிய வரலாற்றாசிரியர். நடுவில் 'எல்' என்ற எழுத்தைப் போட்டுக்கொண்டு குழப்பத்தைத் தவிர்க்கிறார்.

பெயரை எங்கே எழுதி வைக்கிறார்கள் என்பதிலும் அண்ணனும் தம்பியும் வேறுதான். பங்கு வணிகத்திலும் பதிப்பிலும் சம்பாதித்த கிறிஸ்டோபர் கொடை கொடுத்த இடங்களில் 'ஒண்டாச்சி' நிற்கிறது: லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் காலரியில் 2000-இல் திறந்த கட்டடப் பகுதி, ராயல் ஜியாகிரஃபிகல் சொசைட்டியின் அரங்கம், ஓர் இடத்தின் உயிரைக் கொண்டுவரும் நூலுக்காக ராயல் சொசைட்டி ஆஃப் லிட்டரேச்சர் வழங்கும் 10,000 பவுண்டு பரிசு. மைக்கேல் தன் புக்கர் பணத்தை வைத்து, இலங்கையில் வாழ்ந்துகொண்டு ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு ஒரு பரிசை நிறுவினார். அதற்குத் தன் பெயரை வைக்கவில்லை. கடுகண்ணாவைச் சுரங்கத்துக்குள் நடந்து போன டோரிஸின் பிறந்த வீட்டுப் பெயரை வைத்தார்: கிரேஷியன் பரிசு. அதுவும் அரிய குடும்பப் பெயர்தான். முதல் ஆண்டில் அதைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர் கார்ல் முல்லர், நூல் 'தி ஜாம் ஃப்ரூட் ட்ரீ'. அது ஃபான் ப்ளாஸ் என்ற இன்னொரு பறங்கியர் குடும்பத்தின் கதை, குடியும் கும்மாளமும் ரயிலும் நிறைந்தது.