மெக்காலேயின் சரித்திரமும் மன்னனின் பணப்பையும்

இங்கிலாந்தின் முடியாட்சி பாராளுமன்றத்திற்குப் பணிந்த கதையை எழுதியோர் பலர். அதனை நாவல் போல வாசிக்கச் செய்தவர் மெக்காலே. 1835ஆம் ஆண்டின் கல்விக் குறிப்பினால் மட்டும் அவரை அறிந்து வெறுப்போர் நம்மிடையே பலருளர். அக்குறிப்பு வெறுக்கத்தக்கதே. ஆயினும், 1848ஆம் ஆண்டின் இறுதியில் முதலிரு தொகுதிகள் வெளிவந்த அவரது இங்கிலாந்துச் சரித்திரத்தை அவ்வெறுப்போடு சேர்த்து ஒதுக்கிவிடலாகாது. 1685இல் பாதைகள் எவ்வாறிருந்தன, கோப்பிக் கடைகளில் யார் கூடினர், கூலியாள் எவ்வளவு சம்பாதித்தான் என்றெல்லாம் மூன்றாம் அத்தியாயத்தில் அவர் விரித்துரைக்கும் திறன் இன்றும் வியக்கற்பாலது.

அந்தக் கூலியாளோ நூலின் மைய நாடகம் தொடங்கியதும் மறைந்துவிடுகின்றான். (மூன்றாம் அத்தியாயத்தில் அவன் வருவதும், அவனுடைய பேரர்கள் இன்று எவ்வளவு நலமாயிருக்கின்றனர் பாரீர் என்று காட்டுவதற்கே.) இரண்டாம் ஜேம்ஸ் கொடுங்கோலன், வில்லியம் மீட்பன், கனவான்களின் விவேகமே நாட்டைக் காத்தது. இதுவே மெக்காலே தீட்டும் 1688. மன்னனைக் கட்டிப்போட்டது விவேகந்தானா என்பதே நமது கேள்வி.

முதலாம் சார்ள்ஸ் 1629 முதல் 1640 வரை பாராளுமன்றத்தைக் கூட்டாமலே ஆண்டான். கரையோரப் பகுதிகளிடம் ஆபத்துக் காலத்திற் பெறப்பட்டுவந்த கப்பற்பணத்தை உள்நாட்டின் மீதும் சுமத்தினான். ஜோன் ஹம்டன் கொடுக்க மறுத்தார். 1638இல் நீதிபதிகள் பன்னிருவருள் எழுவர் மன்னன் பக்கமே நின்றனர். ஸ்கொத்லாந்துப் போருக்குப் பணம் போதாமற்போனபோதே அவன் பாராளுமன்றத்தை நாடினான். 1649இல் அவன் தலை வீழ்ந்தது. முடியின் அதிகாரம் அதனோடு வீழ்ந்துவிடவில்லை. 1660இல் அரியணையேறிய அவன் மகன், பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயியிடம் இரகசியமாகப் பணம் பெற்றான்; இறுதி நான்கு ஆண்டுகளும் பாராளுமன்றமின்றியே காலந்தள்ளினான். ஜேம்ஸுக்கோ 1685ஆம் ஆண்டுப் பாராளுமன்றமே ஆயுட்காலத்துக்குத் தாராளமான வருமானத்தை வழங்கிவிட்டது!

1689க்குப் பின் அப்படி வழங்கவில்லை. வருமானத்தின் பெரும்பகுதியும் படையை ஒழுங்கில் வைக்கும் சட்டமும் குறுகிய தவணைகளுக்கே இசையப்பட்டன. பிரான்சுடனான நெடும்போரோ பணத்தை விழுங்கிற்று. மன்னன் ஆண்டுதோறும் பாராளுமன்றத்தின் முன் கையேந்த வேண்டியவனானான். 1694இல் இங்கிலாந்து வங்கி தோன்றியது. கடன் கொடுத்தோர் நம்பியது பாராளுமன்றம் ஒதுக்கிய வரியை, மன்னனின் வாக்கையன்று. 1708இல் ஆன் அரசி ஸ்கொத்லாந்துக் குடிப்படை மசோதாவுக்கு ஒப்புதல் மறுத்தாள். அதன்பின் எம்முடியும் எம்மசோதாவையும் மறுத்ததில்லை.

இவற்றை மெக்காலே அறியாதவரல்லர். வங்கியின் தோற்றத்தைப் பிந்திய தொகுதியில் அவரே சுவைபட எழுதுகின்றார். ஆனால், பணப்பையைப் பிடித்திருந்தோர் யார் என்ற இடத்தில் அவரது பேனா நழுவிவிடுகின்றது. நிலப்பிரபுக்களும் பெருவணிகருமே அவர்கள். பாழ்மேடாகிவிட்ட ஓல்ட் சேரம் 1832 வரை இரண்டு உறுப்பினரை அனுப்பிற்று. பொதுநிலங்களை வேலியடைத்து ஏழை உழவனை வெளியேற்றியதும் இதே பாராளுமன்றத்தின் சட்டங்களே. மெக்காலே தாமும் 1830இல் பொதுமக்கள் சபையுட் புகுந்தது லான்ஸ்டவுன் பிரபுவின் கைக்குள்ளிருந்த ஒரு தொகுதி வழியாகத்தான்.

1647இல் புட்னித் தேவாலயத்தில், குரொம்வெல்லின் முன்னிலையிலேயே, படைவீரரின் பிரதிநிதிகள் ஏழைக்கும் வாக்குரிமை வேண்டுமென வாதாடினர். அவ்விவாதக் குறிப்புகள் 1891 வரை அச்சேறவில்லை. ஆதலின் அவற்றை விட்டமைக்காக மெக்காலேயைக் குறைகூறுதல் நியாயமன்று. ஆனால் 1842ஆம் ஆண்டு மே மாதத்தில், 30 இலட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்களோடு சாசன இயக்கத்தாரின் மனு அவரது சபைக்கே வந்தது. சர்வசன வாக்குரிமை சொத்துரிமைக்கும் நாகரிகத்துக்கும் ஒவ்வாதது என்று எதிர்த்துப் பேசியவர் நம் சரித்திராசிரியரே. மனு நிராகரிக்கப்பட்டது.

1848இல் ஐரோப்பாவின் சிம்மாசனங்கள் ஆடின. ஏப்ரலில் சாசன இயக்கத்தார் இலண்டன் கெனிங்டன் திடலில் மீண்டும் திரண்டனர். பழைய கனவான்கள் 1688இல் செய்த புரட்சியே இங்கிலாந்தை அத்தகைய அழிவுப் புரட்சியினின்று காத்தது என்ற வாதத்தோடு இரண்டாம் தொகுதி முடிகின்றது. வாயிலில் நின்ற தொழிலாளிக்கு அவர் அளித்த மறுமொழியாகவே அப்பக்கங்களை நாம் வாசிக்கின்றோம். நடையின் கம்பீரமும் அவ்விடத்தில் சற்றே உரத்துத்தான் ஒலிக்கின்றது.

மெக்காலே 1859இல் மறைந்தார். அவர் அஞ்சிய வாக்குரிமை ஆண்களுக்கு 1918இலும், பெண்களுக்கு அவர்களோடு சமமாக 1928இலும் கிடைத்தது.