மேடை கட்டிய பள்ளிக்கூடங்கள்

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம் என்றதும் யாழ்ப்பாணத்தில் பலருக்கு நினைவு வருவது கணக்கறிக்கையும் நிர்வாகத் தெரிவும், கடைசியில் வடையும் தேத்தண்ணியும்தான். எனக்கு நினைவு வருவது சிறப்புரை. அதற்காகவே போகிறேன். முன்வரிசையில் இடம் பிடித்து இருக்கிறேன். நல்ல பேச்சாளர் ஒருவர் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து நின்று, சபையை ஒருதரம் சுற்றிப் பார்த்து, முதல் வசனத்தைச் சொல்லும் அந்தக் கணத்துக்கு ஈடான இன்பம் எனக்கு வேறில்லை.

எங்கள் வலிகாமத்துப் பாடசாலை ஒன்றில் கேட்ட பேச்சை எத்தனை பேருக்குச் சொல்லியும் என் ஆசை தீரவில்லை. பேச வந்தவர் இளைப்பாறிய விஞ்ஞான ஆசிரியை. பருத்திச் சேலை, கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. அதிபரையும் பிரதம விருந்தினரையும் விளித்து முடித்தவுடன் எங்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்: “ஆய்வுகூட அலுமாரியின்ர திறப்பு ஆரிட்ட இருக்கு?” சபை திகைத்தது. “பூட்டி வைச்சிருக்கிறியள். ஏன்? பிள்ளையள் உடைச்சுப் போடுவினம் எண்ட பயம். உடைக்காமல் ஒரு பிள்ளை என்னத்தைப் பழகும்? உங்கட வரவு செலவுத் திட்டத்தில உடையிறதுக்கெண்டு ஒரு தொகை ஒதுக்குங்கோ.”

இருபது நிமிடப் பேச்சு. அதற்குள் கண்ணாடிக் குழாய் உடைந்த கதைகள், அப்படி உடைத்த பிள்ளைகள் பிறகு என்னவானார்கள் என்ற கதைகள், சிரிப்பு, நடுவே தொண்டை அடைக்கும் ஓர் இடம். அவர் இருந்ததும் வெங்காயச் செய்கைக்காரரான ஒரு தகப்பன் எழும்பினார். “ரீச்சர் சொன்ன அந்தக் காசுக்கு முதல் ஆள் நான்” என்றார். தேத்தண்ணி வருவதற்கு முன்னரே வரவு செலவுத் திட்டத்தில் ‘கண்ணாடிச் சாமான் உடைவு’ என்று ஒரு புதிய வரி ஏறிவிட்டது! பாடசாலைக் காரியங்களில் ஒரு தீர்மானம் அவ்வளவு வேகமாக நிறைவேறி நான் பார்த்ததில்லை. சுற்றறிக்கையால் முடியாததை ஒரு பேச்சு முடித்தது.

இதில் புதுமை ஒன்றும் இல்லை, எங்கள் மண்ணின் பழக்கமே இதுதான் என்று பின்னர் வாசிக்க வாசிக்கத் தெரிந்தது. 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை மாலை. வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தம் முதற் பிரசங்கத்தைத் தொடங்குகிறார். அப்போது அவருக்கு வயது 25. அடுத்த வருடமே, 1848 இல், அதே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை எழும்புகிறது. பிறகு 1864 இல் சிதம்பரத்திலும் ஒன்று. முதலில் மேடை, பின்னால் பள்ளிக்கூடம்! அந்தக் கோயிலைக் கடந்து போகும்போதெல்லாம் இந்த வரிசையை நினைத்து எனக்குப் பெருமை பிடிபடுவதில்லை.

பேச்சாளர்களை அழைக்கும் கலையில் எங்களுக்கு வழிகாட்டி யாரென்று கேட்டால், யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என்றுதான் சொல்வேன். வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியைச் சேர்ந்த ஹண்டி பேரின்பநாயகமும் அவருடைய தோழர்களும் 1924 இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கிய இயக்கம் அது. ஆசிரியர்களும் மாணவர்களும் பெரும்பாலும் நிறைந்த அதன் ஆண்டு மாநாட்டுக்கு யாரை அழைத்தார்கள் என்று பாருங்கள். வியந்து வியந்து எனக்கு அலுக்கவேயில்லை.

முதல் மாநாட்டுத் தலைவர் ஜே. வி. செல்லையா. யாழ்ப்பாணக் கல்லூரி ஆசான். பத்துப்பாட்டைப் பிற்காலத்தில் ஆங்கிலத்தில் தந்தவர். கிழக்கிலிருந்து சுவாமி விபுலாநந்தரை அழைத்தார்கள். அவரைத் துறவி என்றும் தமிழ்ப் பேராசிரியர் என்றும்தான் பலர் அறிவர். ஆனால் துறவு பூணுமுன் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பித்தவர் அவர். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தவர். பின்னர் இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளை நிருவகித்தவர். வகுப்பறையும் தெரியும், கணக்குப் புத்தகமும் தெரியும், கம்பனும் தெரியும். பாடசாலை நடத்துகிறவர்களோடு பேச இதைவிடத் தகுதி வேண்டுமா? தெற்கிலிருந்து கொழும்பு ஆனந்தாக் கல்லூரி அதிபர் பி. டி. எஸ். குலரத்ன வந்தார். ஒரு சிங்கள பௌத்தக் கல்லூரியின் அதிபரைத் தமிழ் இளைஞர்கள் தங்கள் மேடையில் ஏற்றி, அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டார்கள். அந்த மனவிரிவை நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது.

1927 இல் அவர்கள் அழைத்தது மகாத்மா காந்தியை! மாணவர்கள் அழைத்தார்கள், அவரும் வந்தார். நவம்பர் 26 தொடக்கம் 29 வரை குடாநாட்டில் நின்று கல்லூரி கல்லூரியாகப் பேசினார். கஸ்தூரிபாவும் இராஜாஜியும் கூட வந்தனர். மகாதேவ தேசாய் அந்த இலங்கைப் பயணம் முழுவதையும் எழுதி, 1928 இல் நூலாகத் தந்திருக்கிறார். அதில் யாழ்ப்பாணப் பகுதியை எத்தனை தடவை வாசித்தாலும் எனக்குப் புதிதாகவே இருக்கிறது. வந்த இடத்தில் முகத்துதி செய்துவிட்டுப் போகவில்லை காந்தி. கதர், மதுவிலக்கு, தீண்டாமை என்று உள்ளூர்க்காரரின் மனச்சாட்சியைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார். இராமநாதன் கல்லூரிப் பெண்பிள்ளைகளிடம் ஏழைகளை நினைக்கச் சொன்னார். விருந்தினராக வந்தவர் வீட்டுக்காரரைக் கேள்வி கேட்கிறார், வீட்டுக்காரர் அதைத் தலை குனிந்து ஏற்கிறார். சிறந்த பேச்சாளரும் சிறந்த சபையும் சந்தித்தால் இதுதான் நடக்கும்.

1931 ஏப்ரல் மாநாட்டுக்குத் தலைமை தாங்க வந்தவர் கமலாதேவி சட்டோபாத்யாய். வயது 28! முந்திய வருடம்தான் உப்புச் சத்தியாக்கிரகத்தில் நின்றவர். சட்டசபைத் தேர்தலில் போட்டியிட்ட இந்தியாவின் முதற்பெண் என்ற பெயரை 1926 இலேயே சென்னை மாகாணத்தில் பெற்றவர். பெண்கள் மேடையேறுவதே அரிதாக இருந்த யாழ்ப்பாணத்தில், ஆண்டு மாநாட்டின் தலைமைக் கதிரையிலேயே ஓர் இளம்பெண்ணை இருத்திய துணிவை என்னவென்று புகழ்வது! டொனமூர் அரசியலமைப்பு பூரண சுயராச்சியம் தரவில்லை என்று தேர்தலைப் பகிஷ்கரிக்க அந்த மாநாடு தீர்மானித்தது. மே மாதம் வேட்புமனு நாளில் யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒரு மனுக்கூட விழவில்லை. இடைத்தேர்தல் நடந்தது 1934 இல்தான். அந்தப் பகிஷ்கரிப்புச் சரியா பிழையா என்று இன்றும் வாதாடுகிறோம், வாதாடத்தான் வேண்டும். ஆனால் ஒரு மண்டபத்தில் பேசியதை ஒரு குடாநாடே செய்து காட்டியது என்ற உண்மை, பேச்சின் வலிமையை நம்பும் என்னைப் போன்றோருக்கு எப்போதும் உற்சாகம் தருவது.

அந்த மேடைகளில் ஒலித்த தாய்மொழிக் கல்வியும் சம ஆசனமும் பின்னர் வகுப்பறைக்குள் வந்தன. சாதி பார்த்து நிலத்தில் இருத்தப்பட்ட பிள்ளை வாங்கில் ஏறி இருப்பதற்குப் பெரும் போராட்டம் வேண்டியிருந்தது. அந்த நியாயத்தை உரத்த குரலில் சொன்னவர்களில் இந்த வாலிபர்கள் முன்வரிசை. பேச்சாளர்களை ஓடி ஓடி அழைத்த பேரின்பநாயகமே 1949 இல் கொக்குவில் இந்துக் கல்லூரி அதிபரானார். 1960 வரை அந்தக் கதிரையில் இருந்தார். 1961 இன் தேசிய கல்வி ஆணைக்குழுவிலும் அங்கம் வகித்தார். மேடையில் கேட்டதைப் பாடசாலையாக நடத்திக் காட்டிய மனிதர்!

அந்தக் காலத்தில் பாடசாலைகளைச் சபைகளே நடத்தின. அமெரிக்க மிஷன் 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடங்கியது. சைவ பரிபாலன சபை யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியை வளர்த்தது. 1923 இல் பிறந்த சைவ வித்தியாவிருத்திச் சங்கம் ஊரூராய்ப் பாடசாலைகளைக் கட்டியது. அதற்காக உழைத்த இராசரத்தினத்தை மக்கள் ‘இந்து போர்ட் இராசரத்தினம்’ என்றே அழைத்தார்கள். 1960, 61 இல் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது அந்தச் சபைகளின் காலம் பெரும்பாலும் முடிந்தது. இன்று ஊரின் கை பாடசாலையைத் தொடுவது அபிவிருத்திச் சங்கம் வழியாகவும் பழைய மாணவர் சங்கம் வழியாகவும்தான். அதனால்தான் ஆண்டுக் கூட்டத்துச் சிறப்புரையை நான் இவ்வளவு பெரிதாக எடுக்கிறேன்.

நேரில் கேட்ட குரல்களில் சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டியின் குரலுக்கு என் நெஞ்சில் முதலிடம். தெல்லிப்பழைத் துர்க்காதேவி தேவஸ்தானத்தை வளர்த்த அந்த அம்மா தொழிலால் ஆசிரியை. அவர் பேசத் தொடங்கினால், பின்வரிசையில் கதைத்துக்கொண்டிருந்தவர்களும் மழைக்குத் திண்ணையில் ஒதுங்கியவர்கள்போல் கிட்ட வந்து கூடுவார்கள். பேச்சோடு நில்லாமல் ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்குத் துர்க்காபுரம் மகளிர் இல்லத்தை உண்டாக்கினார். சொல்லும் செயலும் ஒரே ஆளில் சேர்ந்திருந்தால் அந்தச் சொல்லுக்கு எத்தனை கனம்!

ஆகவே, அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு ஆயத்தம் செய்யும் செயலாளர்மாருக்கு என் அன்பான வேண்டுகோள். சிறப்புரைக்கு ஆளைத் தேடும் வேலையைக் கடைசி வாரத்துக்கு விடாதேயுங்கோ. மட்டக்களப்பிலிருந்து ஒரு ஆசிரியரை அழையுங்கோ. காலியிலிருந்து ஒரு சிங்கள அதிபரை அழைத்து, மொழிபெயர்க்க ஒருவரை இருத்துங்கோ. முப்பது வயது தாண்டாத ஒரு பெண்ணைத் தலைமையுரைக்குக் கேளுங்கோ. பொன்னாடைக்கும் மாலைக்கும் போகும் நேரத்தைக் குறைத்து, சபையோர் கேள்வி கேட்க அரை மணித்தியாலம் ஒதுக்குங்கோ. பேச்சை எழுத்தில் வாங்கி, பாடசாலை மலரில் அச்சிட்டு, ஒரு பிரதியை ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்துக்குக் கொடுங்கோ. நூறு வருடத்துக்குப் பிறகு ஒரு பெற்றோர் அதை வாசித்து, இன்று நான் செல்லையாவையும் விபுலாநந்தரையும் கமலாதேவியையும் கொண்டாடுவதுபோல, உங்கள் தெரிவைக் கொண்டாடட்டும். நல்ல பேச்சுக்குச் செலவழிக்கும் ஒரு பின்னேரம் ஒருபோதும் வீண்போகாது. முன்வரிசையில் எனக்கும் ஒரு கதிரை போட்டு வையுங்கோ, கட்டாயம் வருவேன்!