யாரைக் காக்கிறது அந்த டயோடு?

அண்மையில் ஒரு பொறியியல் கல்லூரிக் கண்காட்சியில், மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் கருவிக்கு முதல் பரிசு கொடுத்தார்கள். 'முழுப் பாதுகாப்புள்ள ரிலே டிரைவர்' என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. திறந்து பார்த்தால் ஒரு யுஎல்என்2003 ஐசி. அதற்குள் இருக்கும் டயோடுகளைச் சேர்க்கும் 9-ஆம் பின் நேரே 12 வோல்ட் சப்ளையில் இருந்தது. பாதுகாப்பு அவ்வளவுதான். இது போதாதே என்றேன். "ஐம்பது வருஷமா எல்லாப் புத்தகத்துலயும் இதுதான் சார் இருக்கு" என்றார் நடுவர்களில் ஒருவர். மாணவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தப் பதிலை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

காயிலுக்குக் குறுக்கே வைக்கும் டயோடு டிரான்சிஸ்டரைக் காக்கும் என்பதில் சந்தேகமில்லை. சிறு ரிலேயின் காயிலில் ஓடுவது 30 மில்லி ஆம்பியர்தான். அதைச் சட்டென்று நிறுத்தினால் பல நூறு வோல்ட் எகிறும். பிசி547 டிரான்சிஸ்டர் தாங்குவதோ 45 வோல்ட். டயோடு இருந்தால் அந்த எகிறல் சப்ளைக்கு மேல் ஒரு வோல்ட் அளவில் அடங்கிவிடும். மைக்ரோகன்ட்ரோலர் காரணமின்றி ரீசெட் ஆவதும் குறையும். செலவு ஒன்றிரண்டு ரூபாய். சிறு விளக்கை எரியவைத்து அணைக்கும் ரிலேக்கு அதற்குமேல் எதுவும் தேவையில்லை.

ஆனால் ரிலேயை நாம் வாங்குவது டிரான்சிஸ்டருக்காக அல்ல, கான்டாக்டுக்காக. அந்தக் கான்டாக்ட் திறக்கும் விதத்தைத்தான் டயோடு கெடுக்கிறது. காயிலில் சேர்ந்த ஆற்றலுக்கு டயோடு ஒரு சுற்றுப்பாதை கொடுக்கிறது. எதிர்க்கும் வோல்ட்டேஜ் ஒரு வோல்ட்கூட இல்லாததால் மின்னோட்டம் அந்தப் பாதையில் மெல்ல மெல்லத்தான் வடியும். ரிலே தயாரிக்கும் டிஇ கனெக்டிவிட்டி நிறுவனமே இதை அளந்து ஒரு குறிப்பில் வெளியிட்டிருக்கிறது. எதுவும் வைக்காதபோது 1.5 மில்லி விநாடியில் விடுபட்ட ரிலே, டயோடு வைத்ததும் 9.8 மில்லி விநாடி எடுத்துக்கொண்டது.

'எட்டு மில்லி விநாடியில் தொட்டி வழிந்துவிடுமா?' என்று கேட்பார்கள். வழியாது. என் கவலை தாமதம் அல்ல. கான்டாக்டை நகர்த்தும் ஆர்மேச்சர் எப்போது கிளம்புகிறது என்பதைவிட, என்ன வேகத்தில் கிளம்புகிறது என்பதுதான் கேள்வி. காந்தவிசை சட்டென்று போனால் ஸ்பிரிங் ஆர்மேச்சரை வெடுக்கென்று பின்னுக்கு இழுக்கும். அந்த உதறலில் கான்டாக்ட் பிரியும். காந்தவிசை மெல்லத் தேய்ந்தால், ஸ்பிரிங்கின் பலத்துக்குச் சற்றே கீழே வந்ததும் ஆர்மேச்சர் தயங்கித் தயங்கி நகரத் தொடங்கும். நகரும்போது அந்த அசைவே காயிலில் மின்னோட்டத்தைத் தூண்டி, டயோடு வழியே ஓடி, ஆர்மேச்சரை மறுபடி பிடித்து இழுக்கும். உதறல் போய்விடுகிறது.

அந்த உதறல் எவ்வளவு முக்கியம் என்பதை என் அக்கா வீட்டில் கற்றேன். நானே செய்து மாட்டிய கருவி, இதே டயோடு. மோட்டார் கிளம்பும்போது வழக்கமான மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கு இழுக்கும். கான்டாக்ட் மூடும்போது துள்ளுவதும் சேர்ந்துகொண்டால், உலோகம் புள்ளியளவில் உருகி ஒட்டும். ஒருநாள் இரவு தொட்டி நிரம்பியது, டிரான்சிஸ்டர் ஒழுங்காக அணைந்தது, ரிலே மட்டும் விடவில்லை. போரில் தண்ணீர் வற்றியும் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்து வைண்டிங் கருகியது. மறுநாள் ரிலேயை ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் ஒரு தட்டுத் தட்டினேன். 'டக்'கென்று விட்டுவிட்டது. அவ்வளவு லேசான ஒட்டு! ஸ்பிரிங்கின் உதறல் முழுதாக இருந்திருந்தால் அதுவே பிய்த்திருக்கும் என்று இன்றும் நம்புகிறேன். பிழைத்துக்கொண்டது அந்த டிரான்சிஸ்டர் மட்டும்.

டிசி சுமை என்றால் நிலைமை இன்னும் மோசம். வீட்டு ஏசியில் மின்னோட்டம் விநாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால், கான்டாக்டுக்கு நடுவே எழும் தீப்பொறி அணைய வாய்ப்பு உண்டு. டிசியில் அந்த வாய்ப்பே கிடையாது. இடைவெளி வேகமாக விரிந்தால்தான் பொறி அறும். ஒரே ரிலேயின் மேல் 10 ஆம்பியருக்கு ஏசி 250 வோல்ட் என்றும் டிசி 30 வோல்ட் என்றும் அச்சிட்டிருப்பது இதனால்தான். சோலார் பேட்டரியில் ரிலே வைப்பவர்கள் அந்த இரண்டு எண்களையும் ஒருமுறை நின்று படிக்க வேண்டும்.

ஆப்டோகப்ளர் வைத்த ரிலே பலகைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றைப் பாதுகாப்பின் உச்சமாக விற்கிறார்கள். ஜேடி-விசிசி ஜம்பரைக் கழற்றிக் காயிலுக்குத் தனி சப்ளை கொடுக்காதவரை ஆப்டோகப்ளர் தரும் மின் பிரிப்பு பெயருக்குத்தான். காயிலுக்குக் குறுக்கே அங்கேயும் அதே ஒற்றை டயோடு.

கண்காட்சியில் ஆசிலோஸ்கோப் இருந்தது. கலெக்டரில் வோல்ட்டேஜ் எகிறவில்லை என்று காட்டினார்கள், நடுவர்கள் தலையசைத்தார்கள். இன்னொரு சேனலைக் கான்டாக்டில் வைத்து அது எப்போது, எப்படித் திறக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. பாடத்தில் அப்படி ஒரு கேள்வியே இல்லாதபோது மாணவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்? ஒரு ரூபாய்ப் பொருளைக் காப்பாற்றி மோட்டாரைப் பணயம் வைப்பதற்குப் பாதுகாப்பு என்று பெயர் சூட்டி, அதையே தலைமுறை தலைமுறையாக வரையச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

மாற்றுவழி புதிதும் இல்லை, கடினமும் இல்லை. டயோடுடன் ஒரு 24 வோல்ட் ஜீனரைத் தொடராக, எதிர்த்திசையில் சேர்த்தால் போதும். டிஇ கனெக்டிவிட்டியின் அதே அளவீட்டில் இந்த ஜோடிக்கு 1.9 மில்லி விநாடிதான் ஆனது. பிசி547-க்கு வரும் வோல்ட்டேஜ் 12-உம் 24-உம் சேர்ந்து 37-க்குள் நிற்கும். அதன் எல்லைக்கு உள்ளேதான். பரிசு வாங்கிய பலகையில் இதைவிட எளிது. 9-ஆம் பின்னைச் சப்ளையிலிருந்து பிரித்து, நடுவில் ஜீனரை வைத்து, அதன் கோடு போட்ட முனையை அந்த 9-ஆம் பின்னை நோக்கித் திருப்பினால் முடிந்தது. யுஎல்என்2003 தாங்குவது 50 வோல்ட். பலகையில் அதற்கு இடமும் இருந்தது, இரண்டே துளைகள்தான் போட வேண்டும்.