குளத்துப் பனிப்பாளம் உருகுவதை எப்படி ரசிப்பது?

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்தில் இலையுதிர் காலத்து மரங்களைக் காணத் திரள்திரளாக வரும் கூட்டம், மார்ச் இறுதியில் அதே ஊர்க் குளங்களின் பனி விட்டுப் போவதை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்பது ரசனைக்கு நேர்ந்த இழுக்கு. மாதக்கணக்கில் உறைந்து கிடந்த நீர் ஒரே வாரத்தில் விடுபடும் காட்சியை 'ஐஸ் உருகுகிறது, அவ்வளவுதானே' என்று தள்ளுகிறவர்களுக்கு, சிவந்த இலை ஒன்றே இயற்கை போலும்.

அடிப்படைப் பாடம் சிறியது. நீர் ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸில் மிகுந்த அடர்த்தி பெறுவதால், அதனினும் குளிர்ந்த நீர் மேலே தங்கி உறைகிறது. உறைந்தது நீரைவிட லேசானதால் மிதக்கிறது. வெயில் ஏறினால் கரையோரம் முதலில் கரைந்து, நடுப்பாளம் தீவாகிறது. இவ்வளவு போதும்.

உண்மையில் அறியவேண்டியது கரும்பாளத்துக்கும் வெண்பாளத்துக்கும் உள்ள வேற்றுமை. மார்கழிப் பனிக்கும் குளத்தில் உறைந்த பனிக்கும் தமிழில் ஒரே சொல் என்பதால் விளக்கிச் சொல்வது நல்லது. குளத்து நீரே நேராக உறைந்தது கரும்பாளம். அது கருநிறமுடையதன்று, தெளிவாக இருப்பதால் அடியிலுள்ள இருண்ட நீரைக் காட்டுகிறது. வானிலிருந்து உதிர்ந்த பனித்துகள் நீரில் ஊறி மீண்டும் உறைந்தது வெண்பாளம். உள்ளே சிக்கிய காற்றுக்குமிழிகள் ஒளியைச் சிதறடிப்பதால் அதற்குப் பால்நிறம். வெண்பாளம் வெயிலைத் திருப்பியனுப்பி நாள் கடத்தும். கரும்பாளமோ வெயிலை உள்ளே விட்டு, அடிநீரையும் சூடேற்றித் தன் முடிவைத் தானே அழைத்துக்கொள்ளும். அதன் படிகங்கள் செங்குத்துத் தூண்களாக நெருங்கி நிற்பவை. அவை ஒட்டும் இடங்களே முதலில் கரைவதால், கனம் குறையாமலே பாளம் மெழுகுத்திரிக் கட்டுபோல் தளர்ந்துவிடும். காற்றடித்தால் அந்தத் திரிகள் ஒன்றோடொன்று மோதிக் கண்ணாடி வளையல்களைப் போல் ஒலிக்கும். வெண்பாளம் கூழாகிச் சத்தமின்றிப் போய்விடும். இவ்விரண்டையும் ஒன்றென்பவர் வீணையையும் தம்பூராவையும் ஒன்றென்பவரே.

அலாஸ்காவின் நெனானாவில் 1917 முதல் ஆற்றுப்பனி நகரும் நிமிடத்துக்குப் பந்தயம் கட்டுகிறார்கள். நிமிடம் கிடைக்கும், ரசனை கிடைக்காது. இலக்கிய விமரிசகர்களும் இவர்களுக்குச் சளைத்தவர்களல்லர். நியூ இங்கிலாந்தின் கான்கார்ட் ஊரிலுள்ள வால்டன் குளம் 1845இல் ஏப்ரல் 1, 1846இல் மார்ச் 25, 1852இல் ஏப்ரல் 18 ஆகிய நாள்களில் முழுதும் திறந்ததை எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ தம் 'வால்டன்' நூலில் குறித்து வைத்திருக்க, விமரிசகர்கள் அந்நூலைப் பற்றித் தனிமை, எளிமை என்று பக்கங்களை நிரப்பிவிட்டு அந்தப் பட்டியலைத் தாண்டிப்போகிறார்கள்.

வாசகர் காதோடு ஒன்று: காலையில் போகவேண்டாம், காற்றெழும் பிற்பகலில், காற்று பாளத்தைத் தள்ளிவரும் கரையில் நின்று கேட்கவேண்டும், பார்ப்பது பிறகு. கனமாகத் தெரிகிறதே என்று அதன்மேல் கால் வைக்கவே கூடாது. சென்னைக்காரருக்கு இன்னொரு உறவும் உண்டு. கடற்கரை ஐஸ் ஹவுஸ், பனிக்கட்டி வணிகர் ஃபிரெடெரிக் டூடர் நியூ இங்கிலாந்துக் குளங்களில் அறுத்துக் கப்பலேற்றிய பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் எழுந்தது. 1846-47 குளிர்காலத்தில் வால்டனிலும் பனி அறுத்துக் கரையில் குவித்தார்கள். அதில் ஒரு பகுதியே வெளியே போனது, மிச்சம் 1848 செப்டம்பர் வரை உருகி உருகிக் குளத்துக்கே திரும்பியது.