முடிவு எங்கே?

“முடிஞ்சுருச்சுங்களா?”

கேட்டவர் எனக்குப் பின்வரிசையில் அமர்ந்திருந்த ஓர் அம்மையார். விடை கூறவேண்டிய கணவரோ திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையிலே பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. கொட்டகையிலே விளக்குகள் எரியத் தொடங்கிவிட்டன. ஆயினும் பாதிப்பேர் இருக்கையை விட்டு எழவில்லை. இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது, அதைக் காட்டாமல் அனுப்பமாட்டார்கள் என்ற நம்பிக்கை அவர்களுக்கு!

2024 ஆகஸ்டு 23-ஆம் நாள் தமிழகத் திரையரங்குகளில் வெளிவந்தது ‘கொட்டுக்காளி’. அந்த வாரமே மேட்டுப்பாளையத்தில் பேருந்தேறிக் கோவை சென்று அதனைப் பார்த்தேன். படம் பார்த்ததைவிட, படம் பார்த்தோரைப் பார்த்ததே எனக்குப் பெரும் பாடமாக அமைந்தது. ஆகவே இக்கட்டுரையில் படத்தைப்பற்றிப் பாதி, பார்த்தவர்களைப்பற்றி மீதி.

வெளியே வந்ததும் பேச்சு வெடித்தது. “ஒரு பாட்டுங்கூட இல்லீங்களே” என்றார் ஒருவர். “சூரி இருக்காருன்னு வந்தேன், ஒருக்காக்கூடச் சிரிக்க உடலே” என்றார் மற்றொருவர். “காசைத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க” என்றான் ஓர் இளைஞன், சிரித்தபடிதான். எல்லாருடைய குறையும் ஈற்றில் வந்து சேர்ந்த இடம் ஒன்றே: முடிவு இல்லை! அந்தப் பெண் என்ன ஆனாள், அவன் என்ன செய்தான், சொல்லாமலே விட்டுவிட்டார்கள்!

இதே படந்தான் அவ்வாண்டு பிப்ரவரியிலே பெர்லின் திரைப்பட விழாவின் ஃபோரம் பிரிவில் முதன்முதலாகத் திரையேறியது. இதே இயக்குநர் பி.எஸ்.வினோத்ராஜின் முதற்படமாகிய ‘கூழாங்கல்’ 2021-இல் ரோட்டர்டாம் விழாவின் தலைமைப் பரிசான புலி விருதைப் பெற்றது. ஆஸ்கார் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டதும் அதுவே. அந்த இயக்குநரும் மாளிகையில் பிறந்து மேலைநாட்டுக் கல்லூரியில் கலை பயின்றவரல்லர். மதுரைப் பக்கத்து உழைக்கும் குடும்பத்துப் பிள்ளை. சின்னஞ்சிறு வயதிலேயே நம் திருப்பூருக்கு வந்து, பின்னலாடைத் தொழிலில் உழைத்து வயிறு கழுவியவர். பனியன் தைக்கும் ஊர் படைப்பாளியையும் தந்திருக்கிறது என்று நாம் சற்றே நிமிர்ந்து சொல்லிக்கொள்ளலாம்.

பெர்லின் ஏற்றது, கோவை முகஞ்சுளித்தது. இதை வைத்து இரு கட்சிகள் எழுந்தன. நம் மக்களுக்குச் சுவை தெரியாது, அயல்நாட்டான் அருமை அறிந்தவன் என்று அங்கலாய்த்தது ஒரு கட்சி. விழாவுக்கு எடுத்த படத்தை விழாவோடு வைத்துக்கொள்ளாமல் கொட்டகைக்கு ஏன் கொண்டுவந்தார்கள் என்று கடிந்தது மற்றொன்று. திரையுலகைச் சேர்ந்தவர்களே இரண்டாவதைக் கூறினர் என்பதுதான் வேடிக்கை. இரண்டு கட்சிக்கும் அடியில் கிடக்கும் எண்ணம் ஒன்றே. உயர்ந்தது அவர்களுக்கு, உருட்டி விழித்து ஆடுவது நமக்கு! கருவறை சிலருக்கு, கோபுர தரிசனம் பலருக்கு என்ற பழைய கணக்கைக் கலைமண்டபத்திலும் எழுத வந்திருக்கிறார்கள்.

படத்தின் கதையைச் சொல்ல நான்கு வரி போதும். மீனா கல்லூரியில் படித்த பெண். மாமன் முறையுள்ள பாண்டிக்கென்று வீட்டார் அவளை முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். அவளோ வேறு சாதி இளைஞன் ஒருவனை விரும்பிவிட்டாள். காதல் என்று ஒப்புக்கொள்ள வீட்டாருக்கு மனமில்லை, பேய் பிடித்திருக்கிறது என்கிறார்கள். பலிக்கென்று ஒரு சேவலையும் கட்டி எடுத்துக்கொண்டு, ஆட்டோவிலும் இருசக்கர வண்டிகளிலும், பேயோட்டும் சாமியாரிடம் அவளை அழைத்துச் செல்கிறார்கள். அந்தப் பயணந்தான் படம். நம் பக்கத்தார்க்குத் தலைப்பே புதிது. தென்மாவட்டத்தில் பிடிவாதக்காரியை அவ்வாறு ஏசுவார்களாம்.

பின்னணி இசை என்பது அறவே இல்லை. வண்டியின் இரைச்சல், காற்று, சேவலின் சிறகடிப்பு, மனிதர் கத்தல், இவ்வளவே. மீனா வாய் திறப்பதே அரிது. அன்னா பென் அவளாக நடிக்கவில்லை, அவளாக உட்கார்ந்திருக்கிறார். அந்த உட்காருதலே ஒரு போராட்டம். சுண்ணாம்பு பூசிய தொண்டையும் கட்டிய குரலுமாக வரும் சூரியின் பாண்டி, வழியில் ஒலிபெருக்கிப் பாட்டை அவள் மெல்ல முணுமுணுத்தது கேட்டு வெறிகொண்டு அடிக்கிறானே, அங்கே கொட்டகையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அடித்தது அவளை மட்டுமன்று, தடுக்க வந்த பெண்டிரையும். ஒரு பாட்டை முணுமுணுத்ததற்கு இத்தனை அடி! இன்னோரிடத்தில் காளை ஒன்று வழியை மறித்து நிற்கிறது. மீசை முறுக்கிய ஆண்கள் அத்தனை பேரும் வண்டிக்குள் ஒடுங்குகிறார்கள். சிறுமி ஒருத்தி வந்து அதை ஓட்டிக்கொண்டு போகிறாள். அங்கே மட்டும் கொட்டகை சிரித்தது. எதற்குச் சிரித்தோம் என்று சிரித்தவர்களில் சிலராவது பிறகு எண்ணியிருப்பார்கள்.

கடைசியில் சாமியாரின் இடம் வந்துசேர்கிறது. தமக்கு முன்னே வந்திருக்கும் மற்றொரு பெண்ணுக்குப் பேயோட்டப்படுவதைப் பாண்டி நின்று பார்க்கிறான். ஓட்டுகிற கை அந்தப் பெண்ணின் உடலில் எங்கெங்கே போகிறது என்பதையும் பார்க்கிறான். அடுத்து மீனா. அவன் முகம் மாறுகிறது. படம் நின்றுவிடுகிறது.

இங்கேதான் கோவைக்காரர் கோபித்துக்கொண்டார். அந்தக் கோபத்தை நான் அறியாமை என்று தள்ளமாட்டேன். பெர்லின் பார்வையாளருக்கு மீனா தொலைதூரத்து ஏதோ ஒரு நாட்டின் பெண். அவருடைய வீட்டில் மாமன் முறை இல்லை, நேர்ந்துவிட்ட சேவல் இல்லை, பெண் கல்லூரிக்குப் போனதும் யாரோடு பேசுகிறாள் என்று வேவு பார்க்கும் பங்காளி இல்லை. நெஞ்சை உலுக்கியது என்று சொல்லிவிட்டு அவர் அமைதியாகத் தேநீர் அருந்தலாம். நம்மவரால் அது இயலாது. அந்த ஆட்டோ அவருடைய தெருவில் நிற்கும் ஆட்டோ. அதில் உட்கார்ந்திருப்பவள் அவருடைய அக்காள் மகள். படம் அவரிடம் வந்து, ஐயா, நீர் என்ன செய்வீர் என்று கேட்டுவிட்டு விளக்கைப் போட்டுவிட்டது. விடை சொல்லவேண்டியவர் தாமே என்பதை உணர்ந்த மனிதன், முடிவைக் காட்டவில்லையே என்று கத்துவது இயல்புதானே?

இந்தக் கோபத்துக்கு நாமும் ஒருவகையில் பொறுப்பு, தோழர்களே. சொன்னால் சிலருக்குக் கசக்கும், சொல்லத்தான் வேண்டும். 1947-இல் கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் உருவான ‘ராஜகுமாரி’க்கு உரையாடல் தீட்ட வந்தார் கலைஞர். 1949-இல் அண்ணாவின் ‘வேலைக்காரி’ போலிச் சாமியாரின் காவித்திரையைக் கிழித்தது. 1952-இல் வந்தது ‘பராசக்தி’. அதில் கோயிலுக்குள்ளேயே கல்யாணியைக் கெடுக்க முயல்கிறான் பூசாரி. குணசேகரன் சும்மா விட்டானா? பூசாரியைத் தாக்கினான், கூண்டிலே ஏறினான், நீதிமன்றத்தையே மக்கள் மன்றமாக்கினான். கொட்டகைகள் அதிர்ந்தன. வாய்மூடிக் கிடந்த மக்களுக்கு வாய் தந்த காலம் அது. அந்தத் தேவையை எவரும் மறுக்க இயலாது.

ஆனால் அந்தப் பழக்கத்தில் ஒரு கேடும் வளர்ந்துவிட்டது. தீர்ப்பு திரையிலிருந்து வரும், நம் வேலை கைதட்டுவது மட்டுமே என்று மக்கள் நம்பிவிட்டார்கள். பூசாரியைத் திரையிலே அடித்தபோது ஆரவாரித்த கைகளே, வீடு திரும்பியதும் சாதகப் பொருத்தம் பார்க்கப் புரோகிதர் வீட்டுக் கதவைத் தட்டின. சாமியாரின் அதே கை 1952-லும் இருக்கிறது, 2024-லும் இருக்கிறது. மாறியது ஒன்றே. அன்று திரையில் ஒரு குணசேகரன் இருந்தான். இன்று திரையில் இருப்பவன் பாண்டி. அவனும் குற்றவாளி, அவனும் பார்வையாளன். நீங்களும் நானும் எந்த நிலையில் இருக்கிறோமோ அந்த நிலையில் அவனை நிறுத்திவிட்டு இயக்குநர் விலகிக்கொண்டார்.

சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்கும் முன்வடிவு 1967-இல் அண்ணாவின் ஆட்சியில் நிறைவேறியது. ‘குடிஅரசு’ 1925-இல் பிறந்தது இதே கொங்கு மண்ணின் ஈரோட்டில். இத்தனை பெருமைக்கும் உரிய மண்ணில், 2016 மார்ச்சில், உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே, பட்டப்பகலில், சாதி கடந்து மணந்த இளைஞன் வெட்டிக் கொல்லப்பட்டான். 2019 சூனில் எங்கள் மேட்டுப்பாளையத்திலேயே, ஒடுக்கப்பட்ட சமுதாயத்துப் பெண்ணை விரும்பி அவளோடு வாழப்போன இளைஞனை, உடன்பிறந்த அண்ணனே வெட்டினான். இளைஞன் அங்கேயே மாண்டான். அந்தப் பெண் சில நாள்கள் மருத்துவமனையில் கிடந்து உயிர்விட்டாள். அண்ணனுக்குக் கோவைத் தனி நீதிமன்றம் 2025 சனவரியில் தூக்குத் தண்டனை விதித்தது. நீதிமன்றம் முடிவு சொன்னது உண்மைதான். ஆனால் அந்த அண்ணன் அரிவாளை எடுப்பதற்கு முந்தைய நொடி ஒன்று இருந்திருக்குமல்லவா? அந்த நொடியைத்தான் ‘கொட்டுக்காளி’ பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறது. முடிவு எங்கே என்று மற்ற ஊரார் கேட்கட்டும். எங்கள் ஊரார் கேட்டால் எனக்கு வியப்பாக இருக்கிறது.

படத்தில் குறையே இல்லையா? இருக்கிறது. மீனா விரும்பிய இளைஞனைப்பற்றி நாம் அறிவதெல்லாம் அவனை வெறுப்போர் வாய்வழியே அறிவதுதான். அடிப்பவன் வீட்டின் உள்ளும் புறமும் காட்டிய காமிரா, அடிபடும் சேரிப்பக்கம் திரும்பவே இல்லை. மீனாவின் மௌனம் வலிமை வாய்ந்தது, ஐயமில்லை. ஆயினும் பேசத் தெரிந்த, படித்த பெண்ணைப் பேசாமலே வைத்துவிட்டு, முடிவெடுக்கும் உரிமையை மறுபடியும் ஆணின் முகத்திலே தேட வைத்தது சரிதானா? பாண்டி மனம் மாறினால்தான் அவளுக்கு விடுதலையா? என்னைக் கேட்டால், விடுபட்ட கேள்வி இதுதான். படத்தின் முடிவு அன்று. வாங்குவோரை ஏய்த்த வணிகமும் உண்டு. சூரியின் பெயரைக் கேட்டு, அடிதடியோ நகைச்சுவையோ என்று நம்பி வந்தவனிடம் வேறு பண்டத்தைக் கொடுத்துவிட்டு, அவன் சுவையறியாதவன் என்று தூற்றுவது வியாபார நேர்மையன்று.

திரும்பும் பேருந்தில், எதிர்பாராத வகையில், அந்தக் கணவன் மனைவி என் முன் இருக்கையில் இருந்தார்கள். கணவர் மண்டியில் வேலை பார்ப்பவர் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது. துடியலூர் வரை அவர் படத்தைத் திட்டினார். பெரியநாயக்கன்பாளையத்தில் அந்த அம்மையார் மெல்லக் கேட்டார்:

“அவன் அவளை உள்ள கூட்டிட்டுப் போயிருப்பானுங்களா?”

“போகாம? அத்தனை சனம் கூட வந்திருக்குதல்ல.”

“கண்ணுல பாத்துட்டானே.”

“பாத்தா என்ன? ஊரு சும்மா உடுமா?”

“நம்ம புள்ளையா இருந்தா?”

அவர் விடை கூறவில்லை. அம்மையாரும் விடவில்லை, காரமடை வரை திரும்பத் திரும்ப அதையே கேட்டார். ஆகஸ்டு மாதத்து ஒரு மாலையில், அரசுப் பேருந்தின் இருக்கையில், அதுவரை அவர் கணவரிடம் கேட்டிராத ஒரு கேள்வி கேட்கப்பட்டது. திரையில் ஒரு நாயகன் வந்து சாமியாரை உதைத்திருந்தால், அந்த அம்மையாரும் கைதட்டிவிட்டு நிம்மதியாக உறங்கிக்கொண்டு வந்திருப்பார்.

ஆகவே படிப்பகம் நடத்தும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உரிமையாளரிடம் முறைப்படி இசைவு பெற்று, இப்படத்தை ஊர்தோறும் காட்டுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் ஓடும். முன்வரிசையைப் பெண்களுக்கு விடுங்கள். முடிந்ததும் விளக்கைப் போட்டு, ஒரு மணி நேரம் அவர்களைப் பேச விடுங்கள். அன்றைக்கு மட்டும் பேச்சாளர் எவரையும் அழைக்க வேண்டா.