சொல் இல்லாத கதையை எப்படி வாசிப்பது? – ஷான் டானின் 'தி அரைவல்'

எழுத்தே இல்லாத சித்திரக்கதை என்றால், 'இன்னும் படிக்கத் தெரியாத குழந்தைகளுக்கானது' என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆஸ்திரேலிய ஓவியர் ஷான் டான் 2006-இல் வெளியிட்ட 'தி அரைவல்' அதற்குச் சரியான மறுப்பு.

கதை எளிது. ஒருவன் மனைவியையும் மகளையும் விட்டுவிட்டுக் கப்பலேறி, முன்பின் தெரியாத நகரத்துக்குப் பிழைக்கப் போகிறான். அவன் ஊர் வீடுகளின் மேல் ஒரு ராட்சச வாலின் நிழல் நெளிகிறது. அது போரா, பஞ்சமா, அடக்குமுறையா? டான் சொல்வதில்லை. கப்பலில் எத்தனை நாள் போச்சுன்னும் சொல்வதில்லை. இரண்டு பக்கம் நிறைய சின்னச் சின்னக் கட்டங்கள், எல்லாவற்றிலும் மேகம். அவ்வளவுதான்.

போய் இறங்கிய நகரத்தின் எழுத்துகளோ டானே கற்பனை செய்தவை. அவனுக்கும் புரியாது, நமக்கும் புரியாது. போஸ்டர் ஒட்டும் வேலை கிடைக்கிறது, தலைகீழாக ஒட்டிவிடுகிறான். சிரிப்பு வரும். ஆனா அந்த எழுத்தில் எது நேர், எது தலைகீழ்னு நமக்கு மட்டும் தெரியுமா என்ன? நன்றாகப் படிக்கத் தெரிந்தவரையும் எழுத்தறியாதவராக்கி அவன் பக்கத்தில் நிறுத்துகிறது புத்தகம். சொல் இல்லாதது இங்கே உத்தி மட்டுமல்ல, கதையே அதுதான்.

அதனால்தான் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து 'இதோ பார், இவன் அகதி' என்று விளக்க ஆரம்பித்தால் புத்தகம் செத்துப்போகும். பத்து வயதுப் பிள்ளை அந்த வாலை டிராகன் என்று நினைத்தால் நினைக்கட்டுமே. பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அதுவே ஊகிக்கட்டும்.

எனக்கு ஒரு குறை உண்டு. குடியேற்றப் பரிசோதனையைத் தாண்டிவிட்டால் இந்த நகரத்தில் எல்லோரும் நல்லவர்கள். 'உன் ஊருக்கே போ' என்று முகத்தைத் திருப்புகிறவர் ஒருவர்கூட இல்லை. டானின் தந்தை 1960-இல் மலேசியாவிலிருந்து பெர்த்துக்கு வந்தவர். அப்போது ஆஸ்திரேலியாவில் 'வெள்ளை ஆஸ்திரேலியா' கொள்கை நடப்பில் இருந்தது. 1973-இல்தான் முழுசாகக் கைவிடப்பட்டது. அந்தக் கசப்பு படங்களில் இறங்கவில்லை. வந்தேறிகளை எப்படி நடத்த வேண்டும் என்பதை அழகாகக் காட்டும் டான், எப்படி நடத்தினார்கள் என்பதைத் தவிர்த்துவிடுகிறார்.

இருந்தாலும் வீட்டில் பத்து வயதுக்கு மேல் பிள்ளை இருந்தால் வாங்கிக் கொடுங்கள். கொடுத்துவிட்டு, அது வந்து கேட்கும்வரை வாயைத் திறக்காதீர்கள்.